அம்மாவுக்கு வழி தெரிந்திருந்தது

சின்ன வயதில் அம்மா சொன்ன கதைகளில் ஒன்றை மட்டும் நானும் அண்ணனும் நம்பவே இல்லை. "மக்காச்சோளத்து மேல நிழல் விழுந்துரும்னு லைப்ரரியைப் பூமிக்குள்ள கட்டுனாங்களாமா. உங்கப்பா அதுக்குள்ள உக்காந்துதான் படிச்சாங்க." ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்திருக்கும் ராட்சசன் கதைக்குப் பக்கத்தில் இதையும் வைத்துவிட்டுத் தூங்கிப்போவோம். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "நிஜந்தான்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அப்பா பேசுவது குறைவு. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவார்.

அந்த எழுத்து எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. நூற்றுப் பதினான்கு ஏரோகிராம்கள். நீலத் தாள், மூன்றாக மடித்து ஓரத்தில் ஒட்டியது, மடிப்பு விழுந்த இடத்திலும் இடம் விடாமல் எழுதிய பொடி எழுத்து. அப்பா கோயமுத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் மண்ணியல் படித்துவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். 1971 ஜூன் மாதம் அந்தக் கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக ஆனது. அதே ஆகஸ்டில் அப்பா மேல்படிப்புக்காக அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டார். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அம்மா பொள்ளாச்சிப் பக்கம் மாமனார் மாமியாரோடு தோட்டத்துச் சாளையில் இருந்தார். மூன்று வருடம் அப்பா ஊருக்கு வரவில்லை. வந்து போகக் காசு இல்லை. தொலைபேசி கிடையாது. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் விட்டுப்போய், அந்த நீலத் தாள் மட்டும் வந்தது.

அப்பா 2017-இல் காலமானார். இரண்டு வருடம் கழித்து அம்மா முதல்முறையாக அமெரிக்கா வந்தார், சிகாகோவுக்கு மேற்கே இருக்கும் எங்கள் வீட்டுக்கு. அப்பா படித்த பல்கலைக்கழகம் இருக்கும் அர்பானா-ஷாம்பெயின் என்ற இரட்டை ஊர் எங்களிடமிருந்து காரில் இரண்டே கால் மணி நேரம். நான் பத்து வருடமாக இங்கே இருக்கிறேன், அப்பா இருந்தவரை ஒருமுறைகூட அங்கே போனதில்லை. போகலாம், போகலாம் என்றே நாள் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

போவதற்கு வழி செய்தது என் மகள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. அவளுக்கும் எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது, லெட்டர்பாக்ஸிங் என்று பெயர்.

தமிழில் இதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். யாரோ ஒருவர், தண்ணீர் புகாத ஒரு சின்ன டப்பாவை ஒரு காட்டுப் பாதையிலோ பூங்காவிலோ ஒளித்து வைப்பார். உள்ளே இரண்டு பொருள்: கையால் செதுக்கிய ஒரு ரப்பர் முத்திரை, ஒரு குட்டி நோட்டு. டப்பா இருக்கும் இடத்துக்குப் போக ஒரு துப்பு எழுதி வெளியிடுவார். "மூன்றாவது பாலம் தாண்டி, இரட்டைத் தண்டு உள்ள மரத்திலிருந்து தென்கிழக்கே இருபது எட்டு" என்று நேராகவும் இருக்கும், விடுகதையாகவும் இருக்கும். தேடிப் போகிறவர் தன் கையில் ஒரு முத்திரை, ஒரு நோட்டு, ஒரு மைப்பெட்டி வைத்திருப்பார். டப்பாவைக் கண்டுபிடித்ததும் தன் முத்திரையை அவர்கள் நோட்டில் பதிப்பார். அவர்கள் முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொள்வார். தேதி, இரண்டு வரி. அப்புறம் டப்பாவை இருந்தபடியே மூடி, இருந்தபடியே ஒளித்துவிட்டு வந்துவிட வேண்டும். எதையும் எடுத்து வரக்கூடாது. யாரும் சொந்தப் பெயர் போடுவதில்லை, ஆளுக்கொரு பாதைப்பெயர் வைத்துக்கொள்வார்கள்.

இது இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில் இருக்கும் டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்தில் பிறந்தது. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். சேறும் சதுப்பும் தாண்டி, பாதையே இல்லாத இடத்துக்கு நடந்து போய்ச் சேர்ந்தவர்கள், வந்ததற்கு அடையாளமாகத் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு வந்தவர்கள் தங்கள் முகவரிக்கே தபால்தலை ஒட்டிய அஞ்சலட்டையை விட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய் ஊரில் தபாலில் சேர்ப்பார். அது எத்தனை நாள் கழித்து வருகிறது என்பதை வைத்து, அந்தத் தனியான இடத்துக்கு அடுத்த மனிதர் எப்போது வந்தார் என்று தெரிந்துகொள்ளலாம். பெயரில் 'லெட்டர்' வந்தது இப்படித்தான். முத்திரை எல்லாம் பின்னால் சேர்ந்தது. அமெரிக்காவுக்கு இது பரவியது மிகப் பிந்தி: 1998 ஏப்ரலில் ஸ்மித்சோனியன் இதழில் ஒரு கட்டுரை வந்தது, அதைப் படித்தவர்கள் இங்கேயும் டப்பா வைக்க ஆரம்பித்தார்கள். இரண்டே வருடத்தில், 2000-இல், ஜிபிஎஸ் கருவியை வைத்துத் தேடும் ஜியோகேஷிங் வந்து அதுதான் பெரிய கூட்டத்தை இழுத்துக்கொண்டது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அதில் அட்சரேகை தீர்க்கரேகையைச் செயற்கைக்கோள் சொல்லிவிடுகிறது. இதில் ஒரு மனிதர் சொல்லும் வழியைக் கேட்டு நடக்க வேண்டியிருக்கிறது. அவர் எதைப் பார்த்து நின்றாரோ அதைப் பார்த்து நாமும் நிற்க வேண்டியிருக்கிறது.

இதை அம்மாவுக்கு விளக்க என் மகள் ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவழித்தாள். "தபால்பெட்டியத் தேடிப் போறதா? இங்க தெருமுக்குலயே ஒண்ணு நீலமா நிக்குதே சாமி" என்றார் அம்மா. மகள் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். தவளை, ரயில் என்ஜின், ஒரு ஜோடி செருப்பு, நிலா, எல்லாம் முத்திரை. அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "இவீகெல்லாம் ஆரு? பாத்திருக்கறயா?" என்று கேட்டார். யாரையும் பார்த்ததில்லை என்றதும் நோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கப்பிச்சி கடுதாசிலயும் இப்படித்தான் வழி சொல்லுவாங்க" என்றார். எங்கள் பக்கம் அம்மாவின் அப்பா அப்பிச்சி, அம்மாவின் அம்மா அம்மிச்சி.

பெட்டியில் அந்தப் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்திருந்தார். அது அதுவரை எனக்குத் தெரியாது.

அன்றிரவு மூன்று பேரும் உட்கார்ந்து படித்தோம். அப்பாவின் கடிதங்களில் காதல் வசனம் கிடையாது. கூட்டுக் குடும்பத்தில் யார் கையில் வேண்டுமானாலும் கடிதம் கிடைக்கும், அது தெரிந்து எழுதியிருக்கிறார். அதற்குப் பதிலாக, தான் நடந்த வழியை எழுதியிருக்கிறார். அறையிலிருந்து இறங்கினால் கிரீன் தெரு. கிழக்கே நடந்தால் கை விரித்து நிற்கும் வெண்கலப் பெண் சிலை. அதன் பின்னால் மணிக்கோபுரம். அதைத் தாண்டினால் நீளமான புல்வெளி, இரண்டு பக்கமும் கட்டடம். தெற்குக் கோடியில் குவிமாடம் வைத்த மண்டபம். அதைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனால் வயல். "வயலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வானோக்கு நிலையம் உண்டு. இன்று இரவு அங்கே தொலைநோக்கி வழியாகச் சனியைப் பார்த்தேன். வளையத்தோடு தெரிந்தது. நீ இங்கே வந்தால் முதலில் உனக்கு அதைக் காட்டுவேன்." இருக்கிறதிலேயே நெருக்கமாக வரும் வரி அதுதான். தாத்தா பாட்டி எல்லோரும் கேட்டிருப்பார்கள். அம்மாவுக்கு மட்டும் கேட்க வேண்டியது அதில் இருந்தது.

"இது துப்புதான்" என்றாள் மகள். "இதை அப்படியே துப்பாக வைக்கலாம்."

அப்படித்தான் டப்பா வைக்கிற யோசனை வந்தது. அதுவரை நாங்கள் தேடிக் கண்டுபிடித்தது ஐம்பது இருக்கும். சொந்தமாக வைத்ததில்லை. கடைசியில் டப்பா இருக்கப்போவது வயலில் இல்லை. அது ஆராய்ச்சி நிலம், அதில் கால் வைக்கக்கூடாது. கட்டடங்களுக்குப் பக்கத்திலும் வைக்கக்கூடாது, தனியாகக் கிடக்கும் டப்பாவைப் பார்த்தால் யாரும் பயப்படுவார்கள். வயலிலிருந்து இன்னும் தெற்கே பல்கலைக்கழகத்தின் மரத்தோட்டம் இருக்கிறது. கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு, மண்ணைத் தோண்டாமல், மரத்தில் ஆணி அடிக்காமல் வைப்பது என்று முடிவு செய்தோம். மரத்தோட்டம் அப்பா காலத்தில் இல்லை. அப்பாவின் வழி முடியும் இடத்திலிருந்து எங்கள் வழி தொடங்கட்டும் என்றாள் மகள்.

முத்திரை செதுக்குவது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. கட்டியான அழிரப்பரில் செதுக்கலாம். பென்சிலால் தாளில் படம் வரைந்து, அந்தத் தாளை ரப்பர் மேல் கவிழ்த்து, நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறி ரப்பரில் இறங்கும். அதை V வடிவ முனை உள்ள சின்ன உளியால் எடுக்க வேண்டும். எது மை பிடிக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு மற்றதைச் செதுக்க வேண்டும். மகள் ஒரு மக்காச்சோளக் கதிரை வரைந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "தோகை இப்படி விறைச்சிட்டு நிக்காது கண்ணு, வளஞ்சு தொங்கும்" என்று பென்சிலை வாங்கித் திருத்தினார். ஓரத்தில் 'அ' போடலாம் என்றேன். அப்பா, அம்மா, அம்மிச்சி, அப்பிச்சி, அர்பானா. எல்லாம் அதில்தான் தொடங்குகிறது. இடவலம் மாறிய 'அ'வைச் செதுக்குவதற்குள் மகள் இரண்டு ரப்பரைக் கெடுத்தாள். மூன்றாவது சரியாக வந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கு விடுமுறை. காலையில் கிளம்பினோம். அந்தச் சாலையில் பார்க்க ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். தட்டையான நிலம், இரண்டு பக்கமும் மக்காச்சோளம், சோயா, மறுபடி மக்காச்சோளம். அம்மா கண்ணை எடுக்கவே இல்லை. ஓரிடத்தில் உழுது போட்டிருந்த நிலத்தைப் பார்த்து, "நம்ம கரிசலாட்டமே இருக்குது பாரு" என்றார். புல்வெளியாக ஆயிரக்கணக்கான வருடம் கிடந்த நிலம் அது. புல்வேர் மக்கி மக்கிக் கறுத்த மண். நம் ஊர்க் கரிசல் கறுப்பானதற்குக் காரணம் வேறு என்று அப்பா ஒரு கடிதத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். கல்யாணமாகி எட்டு மாதத்தில் பிரிந்த மனைவிக்கு மண் எப்படிக் கறுக்கிறது என்று எழுதியவரை நினைத்து நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அம்மா பார்க்கவில்லை.

கிரீன் தெருவும் ரைட் தெருவும் சேரும் முனையில் அந்தச் சிலை நிற்கிறது. லொராடோ டாஃப்ட் என்ற சிற்பி, அவரே இங்கே படித்தவர், செய்து 1929-இல் நிறுவியது. நடுவில் கை விரித்த தாய், பின்னால் இரண்டு பேர்: ஒருவர் கல்வி, ஒருவர் உழைப்பு. பீடத்தில் ஒரு வாசகம் வெட்டியிருக்கிறது. மகள் அதைப் படித்துத் தமிழில் சொன்னாள்: "வரப்போகிற உன் மகிழ்ச்சியான பிள்ளைகளுக்கு, முன்னே இருந்தவர்கள் வாழ்த்து அனுப்புகிறார்கள்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். லெட்டர்பாக்ஸ் நோட்டின் முதல் பக்கத்தில் எழுத இதைவிட ஒரு வாசகம் வேண்டியதில்லை. அதையே எழுதினோம்.

அம்மா சிலையைப் பார்த்துக் கும்பிட்டார். பட்டமளிப்பு நாளில் பிள்ளைகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சிலை அது. சேலை, ஸ்வெட்டர், என் பழைய ஓட்டக் காலணி, இந்தக் கோலத்தில் ஒரு எழுபது வயதுக்காரி கும்பிட்டதை இரண்டு மாணவர்கள் நின்று மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் கைபேசியில் வரைபடத்தை எடுத்தேன். "அது எதுக்கு?" என்றார் அம்மா. "மொதல்ல இந்தப் பக்கம் போகோணும், ரூமைப் பாத்துட்டு வந்தறலாம்."

முன்னால் நடந்தார். முழங்கால் வலிக்காரர், வீட்டில் மாடி ஏறவே இரண்டு தடவை நிற்பவர். எத்தனை தெரு தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எண்ணிக்கொண்டே போனார். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு தாளில் படித்த வழி. ஓரிடத்தில் நின்றார். "இங்கதான். மர வீடு. முன்னால திண்ணையாட்டம் இருக்கும், நாலு படி. அதுல உக்காந்துதான் எழுதறேன்னு எழுதுவாங்க."

அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு நின்றது. கண்ணாடியும் செங்கல்லுமாகப் பத்து மாடிக்குமேல். கீழே ஒரு காப்பிக் கடை.

அம்மா அந்தக் கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தார். சுற்றிப் பார்த்தார். ஒருவேளை அடுத்த தெருவாக இருக்குமோ என்றேன். "இல்ல" என்றார். தெரு எண் கடிதத்தில் இருக்கிறது, அவருக்கு மனப்பாடம். மூன்று வருடம் அந்த முகவரியை உறை மேல் எழுதிய கை. கடைக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். நான் மூன்று காப்பி வாங்கிவந்தேன், ஆறிப்போனது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, எதுவும் வரவில்லை. மகள்தான் தன் பையைத் திறந்து, அந்த முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து, ஒரு காகித நாப்கினில் கதிரைப் பதித்து அம்மிச்சி முன்னால் வைத்தாள். அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். "வயலைப் பாக்கலாம் வா."

புல்வெளியைக் கடக்கும்போது ஆல்ட்கெல்ட் மணிக்கோபுரம் பன்னிரண்டு அடித்தது. அப்பா தினமும் இந்த மணியை வைத்துத்தான் சாப்பிடப் போனாராம். அதுவும் கடிதத்தில் இருக்கிறது. பன்னிரண்டும் அடித்து முடியும்வரை அம்மா நகரவில்லை.

மாரோ பிளாட்ஸ் என்ற அந்த வயலை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பெரிய கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டு மக்காச்சோளம், அவ்வளவுதான். ஆனால் அமெரிக்காக் கண்டங்களிலேயே மிகப் பழைய ஆய்வு வயல் அது. 1876-இல் தொடங்கியது. முதலில் அரை ஏக்கராகப் பத்துத் துண்டுகள் இருந்தன, கட்டடங்கள் நெருக்கிக்கொண்டு வந்ததில் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. ஒரு துண்டில் அன்றிலிருந்து இன்றுவரை வருடா வருடம் மக்காச்சோளம் மட்டும். இன்னொன்றில் முன்பு ஓட்ஸோடு மாற்றி மாற்றி, 1967-க்குப் பிறகு சோயாவோடு. மூன்றாவதில் தீவனப் பயிரும் சேர்த்து மூன்று வருடச் சுழற்சி. ஒவ்வொரு துண்டிலும் உரம் போட்ட பகுதி, போடாத பகுதி என்று பிரித்திருக்கிறார்கள். ஒரே மண், ஒரே மழை, ஒரே விதை. உரமே காணாமல் மக்காச்சோளம் மட்டுமே விளைந்த பகுதியில் தட்டை மெலிந்து குட்டையாக நிற்கிறது. சுழற்சி செய்த பகுதியில் நல்ல உயரம். கணக்கு ஏடு பார்க்க வேண்டியதில்லை, பாதையில் நின்று பார்த்தாலே தெரிகிறது. அம்மா விவசாயக் குடும்பம். "இந்த மண்ணுக்கு ஒண்ணும் குடுக்காம வாங்கீட்டே இருந்திருக்காங்க" என்று அந்தக் குட்டைப் பகுதியைக் காட்டினார்.

1968-இல் இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். அதே சமயத்தில் பக்கத்தில் இளநிலை மாணவர்களுக்கு ஒரு புதிய நூலகம் வேண்டியிருந்தது. மேலே எழுப்பினால் பயிர் மேல் நிழல் விழும். நூறு வருடக் கணக்கு கெட்டுவிடும். அதனால் இரண்டு தளங்களையும் தரைக்குள் இறக்கினார்கள். 1969-இல் திறந்தது. நடுவில் வானம் தெரியும் ஒரு முற்றம், நம் ஊர்த் தொட்டிக்கட்டு வீட்டில் இருப்பதுபோல. நாங்கள் படி இறங்கிப் போய் அந்த முற்றத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். அண்ணனுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினேன். "நிஜந்தான்" என்று மட்டும் எழுதினேன். அவன் உடனே கூப்பிட்டுவிட்டான். நல்லவேளை அன்று போனோம். 2022-இல் அந்த நூலகத்தை மூடி, அரிய நூல்களுக்கும் ஆவணங்களுக்குமான இடமாக மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

அப்பா அந்த வயலைப் பற்றி எழுதிய கடிதத்தை அம்மா கையோடு எடுத்துவந்திருந்தார். வயலோரத்தில் உட்கார்ந்து மகளைப் படிக்கச் சொன்னார். அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "நம் கல்லூரியில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உர ஆய்வு வயலை உனக்குக் காட்டியிருக்கிறேன் அல்லவா. இது அதற்கு அக்கா. இங்கே தினமும் இதைத் தாண்டித்தான் போகிறேன். தாண்டும்போது ஊரில் இருப்பதுபோல் ஒரு நினைப்பு வருகிறது." கல்யாணமான புதிதில் கோயமுத்தூரில் அப்பா அம்மாவை முதன்முதலில் வெளியே கூட்டிப்போன இடம் அந்த உர ஆய்வு வயல் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சினிமாவுக்குக் கூட்டிப்போவார் என்று நினைத்து அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாராம்.

பக்கத்திலேயே அந்த வானோக்கு நிலையம், 1896-இல் கட்டியது. ஜோயல் ஸ்டெபின்ஸ் என்ற வானியலாளர் இங்கேதான் நட்சத்திர வெளிச்சத்தை மின்கருவியால் அளக்கும் முறையை வளர்த்தெடுத்தார். பகலில் கதவு பூட்டியிருந்தது. அம்மா குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தார். சனியை இன்னும் யாரும் அவருக்குக் காட்டவில்லை. இந்தத் தடவையும் காட்ட முடியவில்லை.

அங்கிருந்து மரத்தோட்டத்துக்குக் காரில் போனோம், அம்மாவால் அதற்குமேல் நடக்க முடியாது. எங்கே வைத்தோம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு மரம், அதன் வேருக்குள் ஒரு பொந்து, மேலே ஒரு கல், அதற்குமேல் சருகு. டப்பாவுக்குள் முத்திரை ஒரு பையில், நோட்டு ஒரு பையில். நோட்டின் முதல் பக்கத்தில் சிலையின் வாசகம், கீழே மூன்று பேரின் முத்திரையும். அம்மாவின் பாதைப்பெயர் 'அம்மிச்சி'. வேறு பெயர் யோசிக்கவே இல்லை.

மூடப் போகும்போது அம்மா, "அந்தக் காலத்துல அட்டை வெப்பாங்கன்னு சொன்னியே" என்றார். டார்ட்மூர் அஞ்சலட்டையைச் சொல்கிறார். மகள் தயாராக இருந்தாள். வெளிநாட்டுக்கு அனுப்பும் தபால்தலை ஒட்டிய ஒரு அட்டை, அதில் கோயமுத்தூர் முகவரி, அவளே எழுதியது. அம்மா வாங்கி, முகவரியைச் சரிபார்த்து, பின்கோடில் ஒரு எண்ணைத் திருத்தி, உள்ளே வைத்தார்.

நவம்பரில் அம்மா ஊருக்குத் திரும்பினார். ஜனவரி மாதம் ஒரு நாள் காலை இங்கே மணி நாலரை, கைபேசி அடித்தது. அந்த நேரத்தில் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் கை நடுங்கும். எடுத்தால் அம்மா. "அர்பானாவுல இருந்து கடுதாசி வந்திருக்குது!" சத்தம் போட்டுச் சொன்னார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அப்பாவுக்கு மட்டும் தெரிந்த குரலாக இருந்திருக்கும்.

அட்டையில் ஒரு ஆந்தை முத்திரை. கீழே ஐந்தாறு வரி. அம்மா எழுத்துக் கூட்டி ஆங்கிலத்தில் படித்தார், நான் பொருள் சொன்னேன். எழுதியவர் அங்கே படிக்கும் ஒரு மாணவி. இரண்டு வருடமாகத் தினமும் அந்த வயலைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறாராம், அது என்னவென்றே தெரியாதாம். எங்கள் துப்பைப் படித்துவிட்டு அன்றுதான் நின்று பார்த்தாராம். சோளத்தை அறுத்துவிட்டார்கள், வெறும் தாள்தான் நிற்கிறது, அதன்மேல் பனி பெய்திருக்கிறது என்று எழுதியிருந்தார்.

"பதில் போடோணுமே" என்றார் அம்மா. "பேரும் இல்ல, விலாசமும் இல்ல. ஆருக்குன்னு எழுதறது?"

ஆந்தைக்கு என்று எழுதச் சொன்னேன்.

எழுதினார். எழுதுவதற்கு முன்னால் என் சித்தப்பா மகனைக் கூட்டிக்கொண்டு வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஐம்பது வருடத்துக்குப் பிறகு அந்த 1909 வயலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பார்க்காமல் எழுதக்கூடாதாம். கடிதம் எங்களுக்கு மார்ச் முதல் வாரம் வந்தது. அதே மாதம் கொரோனாவால் ஊரே அடைந்துவிட்டது. மறுபடி அர்பானாவுக்குப் போக 2021 கோடை ஆகிவிட்டது.

டப்பாவுக்குள் கொஞ்சம் ஈரம் இறங்கியிருந்தது, நோட்டு தப்பித்திருந்தது. எங்களுக்குப் பிறகு ஏழு முத்திரைகள். ஆந்தை இரண்டு தடவை வந்திருந்தது. இரண்டாவது தேதி 2020 மே. படிப்பை வீட்டிலிருந்தே முடித்ததாகவும், சாமான்களை எடுக்க வந்ததாகவும், போகும் வழியில் விடைபெற வந்ததாகவும் எழுதியிருந்தது. கடிதம் அவர் கைக்குக் கிடைக்காது என்று தெரிந்தது. அம்மாவை அழைத்துச் சொன்னேன்.

"அதனால என்ன, உள்ள வெச்சிரு. வாரவீக படிக்கட்டும்."

மகள் கடிதத்தை இன்னொருமுறை விரித்துப் பார்த்தாள். இப்போது அவள் எழுத்துக் கூட்டாமல் படிக்கிறாள். மூன்றாக மடித்த தாள், ஓரம்வரை இடம் விடாமல் எழுதியிருந்தார் அம்மா. வீட்டிலிருந்து எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்த வாசல், எந்த மரத்துக்கு இடப்பக்கம் திரும்புவது, வயலில் இப்போது என்ன நிற்கிறது, எந்தப் பகுதி மெலிந்திருக்கிறது. கடைசியில், "நீ இங்கே வந்தால் நான் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்." மகள் அதற்குக் கீழே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பை எழுதி, பையில் போட்டு, முத்திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். கல்லை நான் தூக்கி வைத்தேன். அவள் சருகைத் தள்ளிவிட்டாள்.